இரண்டு செகண்ட் கதவு

மார்ச் 3

டிரைவர் தம்பிக்கு,

அன்று எங்கள் வீட்டுக் கேட் வரை வந்துவிட்டு உள்ளே வராமல் திரும்பிப் போனது நீதான் என்று எனக்குப் பிறகுதான் உறைத்தது. இடது கையில் கட்டோடு ஓர் ஆள். அம்மா ஜன்னலிலிருந்து பார்த்துவிட்டுக் கேட்டாள், "யாருடி அது, கேட்டுல கைய வச்சுட்டு எடுத்துட்டுப் போறான்?" தெரியாது என்றேன். என் தம்பி அனுப்பிய படத்தில் டாங்கிக்கு முன்னால் நிற்கும் நாலு பேரில் ஓரமாக, சிரிக்காமல் நிற்பவன் நீ. மற்ற மூன்று பேரும் இன்றைக்கு இல்லை. ஆகவே கேட்க வேறு ஆளும் இல்லை.

இரண்டு மாதமாக உன்னிடமிருந்து ஒரு வரி வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. மனசு ஆறவில்லை என்பதால் நானே எழுதுகிறேன்.

நான் உங்கள் வண்டியில் குண்டு ஏற்றும் லோடரின் அக்கா. நீங்கள் அவனை நெட்டை என்று கூப்பிடுவீர்களாம். டாங்கி பழுதுபார்க்கும் பணிமனையில் பதினோரு வருஷமாகக் கதவுப் பரிசோதகராக இருக்கிறேன். உனக்குத் தெரியாத விஷயம் இல்லை என்றாலும், நீ நழுவ முடியாதபடி என் கேள்வியை முழுசாக எழுதிவிடுகிறேன்.

பீரங்கி சுழலும் மேல்கூட்டின் பின்பக்கம் குண்டுகளை அடுக்கிவைக்கும் அறை. அதற்கும் கமாண்டர், கன்னர், லோடர் மூவரும் இருக்கும் இடத்துக்கும் நடுவில் ஓர் இரும்புக் கதவு. லோடர் முழங்காலால் ஒரு தட்டை மேல்நோக்கி அழுத்தினால் கதவு திறக்கும். குண்டை உருவிக்கொண்டு முழங்காலை எடுத்தால் தானாக மூடும். மூட இரண்டு செகண்ட். குண்டறையில் அடி விழுந்தால் அதன் கூரைத் தகடுகள் பிய்த்துக்கொண்டு நெருப்பு மேலே போய்விடும். அந்த நேரத்தில் கதவு மூடியிருந்தால் உள்ளே இருக்கும் மூன்று பேரும் காதடைத்துப்போய், யாரையாவது திட்டிக்கொண்டே இறங்கி நடந்து வருவார்கள். முன்பக்கத்து இரும்பைப் பற்றி ஊரே பெருமை பேசுகிறது. இந்த வண்டியின் பெரிய பலம் எது என்று என்னைக் கேட்டால் இந்தக் கதவைத்தான் சொல்வேன்.

உங்கள் வண்டியின் கதவைச் சோதித்துக் கையெழுத்துப் போட்டவள் நான். தம்பி போகப்போகும் வண்டி என்று தெரிந்து, இருபது தடவை திறந்து மூட வேண்டியதை நாற்பது தடவை செய்தேன். "மேலிருந்து தாக்குதல்" என்று ஒரே வரியில் எங்களுக்குக் கடிதம் வந்திருக்கிறது. அந்த வரியை வைத்துக்கொண்டு என்னால் தூங்க முடியவில்லை.

கதவு மூடியதா? அதை மட்டும் சொல்.

அக்கா


மார்ச் 19

அக்காவுக்கு,

கேட் வரை வந்தது நான்தான். உள்ளே வந்தால் அம்மா "சாப்பிட்டியாப்பா" என்று கேட்டுவிடுவார்களோ என்று பயம். அதற்கு மேல் என்னால் நின்றிருக்க முடியாது. மன்னித்துவிடுங்கள்.

எங்கே இருக்கிறேன் என்று எழுதக் கூடாது. எழுதினால் கறுப்பு மையால் அடித்துவிடுவார்கள். சுவர் இருக்கிறது, கூரை பாதி இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கை தேறிவிட்டது. வேறு வண்டி கொடுத்திருக்கிறார்கள்.

நெட்டையைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று உட்கார்ந்தேன். அவன் வண்டிக்குள் இறங்குவதே ஒரு வேடிக்கை. மடக்குக் கட்டில் மாதிரி மடிந்து மடிந்து இறங்குவான். கமாண்டர் சொல்வார், "இவனை ரெண்டா வெட்டினா நமக்கு ரெண்டு லோடர் கிடைக்கும்." அதற்கு அவன், "ரெண்டு பேருக்கும் சாப்பாடு போடணுமே சார்" என்பான். எப்போதும் அவனிடம் ஒரு பதில் இருக்கும்.

இந்த வண்டியைப் பற்றி நீங்கள் எழுதியது சரிதான். ஆனால் நீங்கள் அதைப் பணிமனையில், நின்ற இடத்தில் பார்க்கிறீர்கள். நான் ஓட்டிப் பார்க்கிறேன். அறுபது டன். மேடுபள்ளத்தில் ஓடிக்கொண்டே இரண்டு கிலோமீட்டர் தள்ளி நிற்கும் வண்டியைக் கன்னர் குறி தவறாமல் அடிப்பார். அதே நேரம் பக்கத்துப் புதரில் குந்தியிருக்கும் ஆள் எங்களில் ஒருவன் கண்ணிலும் படமாட்டான். முன்னால் எது வந்து மோதினாலும் தட்டிவிட்டுப் போகும். ஆனால் கிராமத்துச் சின்னப் பாலத்தைக் கண்டால் அறுபது டன்னும் வேண்டாத விருந்தாளிபோல நின்றுவிடும். டீசலைக் குடிக்கிற வேகத்தைச் சொல்லவே வேண்டாம். தலைக்கு மேலோ மூன்று விரல் கனம் இருந்தால் அதிகம். அந்தக் காலத்தில் மேலிருந்து யார் வரப்போகிறார்கள் என்று நினைத்திருப்பார்கள். இப்போது கையில் தூக்கிக்கொண்டு போகக்கூடிய ட்ரோன் வருகிறது. நாங்கள் கம்பி வலையைக் கூண்டாக வெல்டிங் செய்து மேலே வைத்திருக்கிறோம். பார்க்கக் கோழிக்கூண்டு ஊர்வலம் போவதுபோல இருக்கும்.

கதவு மூடித்தான் இருந்தது அக்கா. அடி விழுந்தது அவர்கள் இருந்த இடத்துக்கு நேர் மேலே, அந்த மெல்லிய கூரையில். யாராலும் எதுவும் செய்திருக்க முடியாது. அவனுக்கு வலி தெரிந்திருக்காது.

இதை நம்பிக்கொள்ளுங்கள். அம்மாவைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

டிரைவர்


ஏப்ரல் 2

தம்பி,

பொய் சொல்ல வராவிட்டால் சொல்லாமல் இருந்திருக்கலாம். எதில் ஓட்டை இருக்கிறது என்று பார்ப்பதற்குத்தான் எனக்குச் சம்பளம்.

உங்கள் வண்டி போன திங்கட்கிழமை இங்கே வந்தது. இழுவை வண்டியில் வைத்து, தார்ப்பாய் போட்டு மூடி. எண் எல்லாம் எரிந்துபோயிருந்தது. ஆனாலும் முன்சக்கரத்தின் மூடியில் நான் சோதனை முடிந்ததும் போடும் பச்சைக் கோடு பாதி மிச்சம் இருந்தது. அதைப் பார்த்ததும் கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்தேன். எங்கே வைத்தேன் என்று இன்றைக்கு வரை தெரியவில்லை.

விசாரணைக் குழு முத்திரை போட்டிருக்கிறது. பதினைந்தாம் தேதி அவர்கள் வந்து திறக்கும்வரை யாரும் உள்ளே இறங்கக் கூடாது. இறங்கவில்லை. வெளியே ஏணி போட்டு மேலிருந்து பார்த்தேன். ஆட்கள் இருந்த இடத்துக்கு மேலே கூரை முழுசாக இருக்கிறது தம்பி. ஒரு துளை கிடையாது. குண்டறையின் கூரைத் தகடுகள்தான் பிய்த்துக்கொண்டு போயிருக்கின்றன, போக வேண்டியபடியே. நடுவில் இருக்கும் கதவு? கடைசிவரை திறந்து நிற்கிறது.

ஆக, என் கதவு மூடவில்லை. நீ எனக்காகப் பொய் சொல்லியிருக்கிறாய்.

ஃபோர்மேன் என்னை லீவு போடச் சொன்னார். வீட்டில் உட்கார்ந்து என்ன செய்ய? வேலைக்கு வருகிறேன். நான்காவது கொட்டகையில் அது நிற்கிறது, ஐந்தாவதில் நான். வேறு வண்டியின் கதவைச் சோதிக்கும்போது 'டக்' என்று மூடும் சத்தம் உனக்குத் தெரியும். இப்போதெல்லாம் அந்தச் சத்தம் எனக்கு முன்கூட்டியே கேட்கிறது, நான் தட்டைத் தொடுவதற்கு முன்னால், நான்காவது கொட்டகையிலிருந்து. காதில் கோளாறு என்று டாக்டரிடம் போனேன். காது நன்றாக இருக்கிறது என்றார். அது இன்னொரு கவலை.

என் கையெழுத்து நாற்பத்தொரு வண்டிகளில் இருக்கிறது. பதினைந்தாம் தேதி "என் சோதனையில் பிழை, எல்லா வண்டிகளையும் திருப்பி அழையுங்கள்" என்று எழுதிக் கொடுக்கப் போகிறேன். வேலை போகும், போகட்டும். என் தம்பியைக் கொன்ற கை இன்னொரு கதவைத் தொடக் கூடாது.

அக்கா


ஏப்ரல் 9

அக்கா,

தயவுசெய்து அதை எழுதிக் கொடுக்காதீர்கள். இந்தக் கடிதம் பதினைந்தாம் தேதிக்குள் உங்கள் கைக்கு வர வேண்டும் என்று சப்ளை லாரிக்காரர் காலில் விழாத குறையாகக் கொடுத்தனுப்புகிறேன்.

நாற்பத்தொரு வண்டியையும் இப்போது இழுத்துக்கொண்டால் இங்கே முன்வரிசையில் என்ன மிஞ்சும் என்று நினைத்துப் பார்த்தீர்களா? அந்த வண்டிகளுக்குப் பின்னால் பதுங்கி நடந்துவரும் ஆட்கள் இருக்கிறார்கள். உங்கள் கதவில் ஒரு குற்றமும் இல்லை. நான் பொய் சொன்னது உங்கள் கதவுக்காக இல்லை, நெட்டையின் பெயருக்காக. இப்போது உண்மையைச் சொல்கிறேன்.

முழங்கால் தட்டுக்கு அடியில் ஒரு மரக்கட்டையைச் செருகிவிட்டால் தட்டு அழுந்தியே இருக்கும். கதவு திறந்தே நிற்கும். சண்டை மும்முரமாக இருக்கும்போது லோடர்கள் அப்படிச் செய்வார்கள். ஒவ்வொரு குண்டுக்கும் திறக்கக் கொஞ்சம், மூட இரண்டு செகண்ட். அந்த நேரத்தில் எதிராளி முந்திக்கொள்வான் என்று எல்லாருக்கும் பயம். தப்பு என்று எல்லாருக்கும் தெரியும். தெரிந்தேதான் செய்கிறோம்.

அன்று காலை மரங்களுக்கு அந்தப் பக்கம் மூன்று வண்டிகள் தெரிந்தன. கமாண்டர், "கட்டையைப் போடு" என்றார். அது அவரே பிஸ்கட் பெட்டிப் பலகையை வெட்டி வைத்திருந்த கட்டை. நெட்டை போட்டான். ஐந்து குண்டு ஏற்றினான், இரண்டு வண்டியை அடித்தோம். மூன்றாவதைத் தேடிக்கொண்டிருக்கும்போது ட்ரோன் பின்பக்கம் இறங்கியது. நான் முன்னால், தனியாக, மல்லாந்த மாதிரி படுத்து ஓட்டுபவன். என் இடத்துக்கு நெருப்பு வரக் கொஞ்சம் நேரம் பிடித்தது. அந்தக் கொஞ்ச நேரத்தில் நான் என் மூடியைத் திறந்து வெளியே வந்துவிட்டேன். திரும்பி ஏறப் பார்த்தேன். கை வெந்தது. ஏற முடியவில்லை.

ஒவ்வொரு குண்டும் ஏற்றியதும் லோடர் "ஏத்தியாச்சு" என்று சொல்ல வேண்டும். ஹெட்செட்டில் அவன் கடைசியாகச் சொன்னதும் அதுதான். இப்போது புது வண்டி, புது லோடர். அவன் வாயைத் திறப்பதற்கு முன்னால் எனக்கு ஒரு "ஏத்தியாச்சு" கேட்டுவிடுகிறது. பிறகு அவன் சொல்கிறான். உங்கள் டாக்டரிடம் என்னையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

குற்றம் கமாண்டருடையது, எங்களுடையது. உங்களுடையது இல்லை. எழுதிக் கொடுத்துவிடாதீர்கள்.

டிரைவர்


ஏப்ரல் 17

தம்பி,

உன் கடிதம் பதினான்காம் தேதி மதியம் வந்தது. படித்துவிட்டுக் கொட்டகைச் சுவரில் சாய்ந்து அழுதேன். நிம்மதியில் அழுதேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. என் கதவு மூடக்கூடிய கதவுதான், கட்டையும் கமாண்டர் வெட்டியதுதான் என்று ஒரு நாள் முழுக்க நிம்மதியாக இருந்தேன்.

மறுநாள் முத்திரையை உடைத்தார்கள். கதவுப் பரிசோதகர் என்ற முறையில் என்னையும் உள்ளே இறங்கச் சொன்னார்கள். முழங்கால் தட்டுக்கு அடியில் சாம்பலைப் பிரஷ்ஷால் தள்ளினேன். மரம் எரிந்துபோயிருந்தது. மூன்று ஆணிகள் கிடந்தன. செருப்பு தைப்பவர்கள் அடிக்கும் குட்டை ஆணி. முக்கோணமாக அடித்த ஆணிகள், விழுந்த இடத்தில் முக்கோணமாகவே கிடந்தன.

பிஸ்கட் பெட்டிப் பலகைக்குச் செருப்பு ஆணி எதற்கு, தம்பி?

உனக்குத் தெரியும். உனக்கு முதலிலிருந்தே தெரியும். நானே எழுதிவிடுகிறேன், ஒருவராவது முழுசாக எழுத வேண்டும்.

பணிமனையில் கதவைச் சோதிக்கும்போது நாங்கள் எல்லாருமே தட்டுக்கு அடியில் கட்டை வைப்போம். இல்லாவிட்டால் கதவு மூடி மூடி வேலை ஓடாது. ஆளுக்கொரு கட்டை, பையிலேயே இருக்கும். போன வருஷம் என் தம்பி எழுதினான், "அக்கா, என் உயரத்துக்கு அந்தத் தட்டு சரியாவே வரல, முழங்கால் வீங்கிப்போச்சு." எனக்கு மனசு கேட்கவில்லை. ஒரு நல்ல மரத்துண்டை இழைத்து, அதிர்வில் வழுக்காமல் இருக்க என் பழைய செருப்பின் ரப்பரை வெட்டி அடியில் வைத்து, மூன்று ஆணி அடித்து அனுப்பினேன். "சுத்தம் பண்ணும்போது மட்டும்" என்று அதில் பேனாவால் எழுதினேன். அடுத்த கடிதத்தில், "எல்லாரும் கேக்கறாங்க அக்கா, இன்னும் அஞ்சு அனுப்பு" என்றான். ஐந்து வண்டி லோடர்களுக்கும் ஒரே வாரத்தில் முழங்கால் வீங்கிப்போனதா, அத்தனை பேரும் ஒரே நேரத்தில் சுத்தம் செய்யப் போகிறார்களா என்று நான் கேட்கவில்லை. பெருமையாக இருந்தது. அனுப்பினேன்.

மறந்துவிட்டேன் என்று சொல்லமாட்டேன். முதல் கடிதம் எழுதும்போதே அந்தக் கட்டை என் மனசின் ஒரு மூலையில் கிடந்தது. கதவு பழுதாக இருக்க வேண்டும் என்று வேண்டிக்கொண்டேதான் உன்னைக் கேட்டேன். பழுதான கதவு என் வேலையில் பிழை. அதோடு வாழ்ந்துவிடலாம். இது என் பாசத்தில் செய்த பிழை. இதை எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

என்னை மறைத்துக் காப்பாற்ற, செத்துப்போன கமாண்டர்மேல் பழியைப் போட்டாய். அவருக்கும் வீடு இருக்கிறது. இனி யாரிடமும் அப்படிச் சொல்லாதே.

ஆணிகளை விசாரணைக்காரர்கள் உறையில் போட்டுக்கொண்டார்கள். அவை என்னவென்று அவர்களுக்குத் தெரியவில்லை. நான் அன்று வாயைத் திறக்கவில்லை. மே பதினொன்றாம் தேதி மறுபடி கூப்பிட்டிருக்கிறார்கள்.

அதற்குள் நீ எனக்கு ஒன்று செய். ஆறு கட்டை அனுப்பினேன். ஒன்று எரிந்துவிட்டது. மிச்சம் ஐந்தையும் தேடிப்பிடித்து எனக்கு அனுப்பு. அதற்கு முன்னால் உன் புது வண்டியில் முழங்கால் தட்டுக்கு அடியில் குனிந்து பார்.

அக்கா


மே 4

அக்கா,

குனிந்து பார்த்தேன். இருந்தது.

உங்கள் கட்டைதான். ரப்பர், மூன்று ஆணி, பேனா எழுத்து பாதி அழிந்து "மட்டும்" மட்டும் தெரிகிறது. நான் இரண்டு மாதமாக அந்த வண்டியைத்தான் ஓட்டிக்கொண்டிருந்தேன்.

லோடர் முதலில் தரமாட்டேன் என்றான். "அண்ணே, அந்த ரெண்டு செகண்ட நீங்க குடுப்பீங்களா?" என்று கேட்டான். நியாயமான கேள்வி. கையில் வெந்த தழும்பைக் காட்டி, நெட்டை கதையைச் சொன்னேன். யார் அனுப்பிய கட்டை என்றும் சொன்னேன், மன்னிக்க வேண்டும். அவன் கொஞ்ச நேரம் அதைக் கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுக் கொடுத்தான்.

மற்ற வண்டிகளில் ஏறி இறங்கினேன். ஒருவன் சண்டைக்கே வந்துவிட்டான். இன்னொருவன் உடனே எடுத்துக் கொடுத்தான், ஏற்கெனவே உபயோகிப்பதை நிறுத்திவிட்டானாம். மொத்தம் நான்கு கிடைத்தன. இந்தப் பார்சலில் இருக்கின்றன. ஐந்தாவது கட்டை இருந்த வண்டியை வேறு படைப்பிரிவுக்கு மாற்றிவிட்டார்கள். லோடரும் மாறிவிட்டான். எங்கே இருக்கிறது என்று இதுவரை தெரியவில்லை. கேட்டுக்கொண்டே இருக்கிறேன்.

நீங்கள் எல்லாவற்றையும் எழுதிவிட்டீர்கள். நானும் ஒன்றை எழுத வேண்டும். முன்னால் படுத்திருந்தாலும், கதவு மூடும்போது அந்த அதிர்வு இரும்பு வழியாக வந்து என் இருக்கையில் ஒரு தட்டு தட்டும். டிரைவர்கள் எல்லாருக்கும் தெரியும். அன்று காலை ஐந்து தடவை "ஏத்தியாச்சு" கேட்டது. ஒரு தடவைகூட அந்தத் தட்டு வரவில்லை. வரவில்லை என்று எனக்குத் தெரிந்தது அக்கா. "கதவை மூடுடா நெட்டை" என்று மூன்று வார்த்தை. கமாண்டருக்குக் கோபம் வருமோ என்று பேசாமல் இருந்தேன். கேட் வரை வந்துவிட்டுத் திரும்பிப் போனது இதனால்தான்.

இப்போது ஒவ்வொரு குண்டுக்கும் "கதவு?" என்று கேட்கிறேன். "மூடியாச்சு" என்கிறான் லோடர். புதுக் கமாண்டர் முதல் நாள் முறைத்தார். இப்போது பழகிவிட்டார். சில சமயம் "மூடியாச்சு" இரண்டு குரலில் வருகிறது. ஒன்று யாருடையது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. முன்பு பயமாக இருந்தது. இப்போது அது வராத நாளில்தான் சங்கடமாக இருக்கிறது.

டிரைவர்


மே 12

தம்பி,

நேற்று நான்கு கட்டைகளையும் விசாரணைக்காரர்கள் மேசையில் வரிசையாக வைத்தேன். உறையிலிருந்த மூன்று ஆணிகளையும் வாங்கிப் பக்கத்தில் வைத்தேன். "இதுல எதும்மா உங்களுடையது?" என்று கேட்டார் ஓர் அதிகாரி. எல்லாமே என்றேன். சொல்லி முடிக்க ஒரு மணி நேரம் ஆனது. கமாண்டர் பெயரில் எந்தத் தவறும் எழுதவேண்டாம் என்று கேட்டேன். அது என் கையில் இல்லை என்றார். எல்லா வண்டிகளுக்கும், எல்லாப் பணிமனைகளுக்கும் எச்சரிக்கை போகும் என்றார். எவ்வளவு நாளில் என்று கேட்டேன். ஃபைல் நகர வேண்டும் என்றார். என் வேலையைப் பற்றி இன்னும் முடிவு சொல்லவில்லை.

வெளியே வந்தபோது எங்கள் பணிமனைப் பரிசோதகர்கள் எல்லாரும் வராந்தாவில் நின்றிருந்தார்கள். ஆளாளுக்குப் பையிலிருந்து தங்கள் கட்டையை எடுத்துக் குப்பைத் தொட்டியில் போட்டார்கள். கதவைச் சோதிக்க இனி ஒருவர் தட்டை அழுத்திக்கொண்டு நிற்க, இன்னொருவர் வேலை பார்க்கிறோம். வேலை இரண்டு மடங்கு இழுக்கிறது. இழுக்கட்டும்.

அம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவள் என்னை அடிக்கவில்லை, திட்டவில்லை. அன்று கேட்டில் நின்ற பையன் யாரென்று சொன்னேன். "அடுத்த லீவுக்கு உள்ள வரச் சொல்லு" என்றாள். வா. வந்தால் சாப்பிட்டியா என்று கேட்கத்தான் கேட்பாள். தாங்கிக்கொள்.

ஐந்தாவது கட்டை எங்கேயோ ஒரு தட்டுக்கு அடியில் இருக்கிறது. எந்த எச்சரிக்கையும் அதற்கு முன்னால் போய்ச் சேரும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. நீ கேட்டுக்கொண்டே இரு. அந்த வண்டி கிடைத்தால், இந்தத் தாளை அதன் லோடரிடம் கொடு, பின்பக்கம் அவனுக்கு. யாரென்று தெரியாமல்தான் எழுதியிருக்கிறேன்.

அக்கா

(பின்பக்கம்)

லோடர் தம்பிக்கு,

உன் முழங்கால் தட்டுக்கு அடியில் ஒரு கட்டை இருக்கும். அடியில் ரப்பர், மூன்று ஆணி. அதைச் செய்தவள் நான். நன்றாக இருக்கிறது, வழுக்கவே இல்லை என்று நீ நினைத்திருப்பாய். நன்றாகத்தான் செய்தேன்.

இதைப் படித்ததும் அதைப் பிடுங்கி எறிந்துவிடு. கதவு மூடட்டும். இரண்டு செகண்ட் போனால் போகிறது.

முழங்கால் வலித்தால் எனக்கு எழுது.

உன் அக்கா